விட்டுவிட்டு நிற்கும் மோட்டார்: 36 வோல்ட் மின்சைக்கிள் குறித்த ஒரு பரிசோதனை

இந்தியச் சந்தையில் விற்கப்படும் மின்சைக்கிள்களில் பல ஏறத்தாழ ஒரே அமைப்பைக் கொண்டவை: பின்சக்கரத்தின் குடத்துக்குள் அடங்கிய 250 வாட் ஹப் மோட்டார், சட்டத்தில் பொருத்தப்பட்ட 36 வோல்ட் லித்தியம் பேட்டரி, இவ்விரண்டுக்கும் இடையில் அமர்ந்து, ஓட்டுபவர் எவ்வளவு உந்துதல் கேட்கிறார் என்பதைச் சென்சார்கள் வழியே அறிந்து அதற்கேற்ப மின்னோட்டத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் என்னும் மின்னணுப் பெட்டி. 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற எல்லைகளுக்குள் அடங்கி, ஏனைய நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் வண்டியை மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை என்பதால், தயாரிப்பாளர்கள் பலரும் இந்த அளவை ஒட்டியே வண்டியை அமைக்கின்றனர்.

முற்றிலும் நின்றுபோன வண்டியில் பழுது ஓடிப்போவதில்லை; அதைச் சோதித்துக் கண்டுபிடிக்கலாம். ஓட்டத்தின் நடுவில் மோட்டார் கைவிட்டு, சிறிது நேரத்தில் தானாகவே உயிர்பெறும் வண்டிதான் பட்டறையைத் திணறடிக்கிறது. ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுழலவிட்டால் அது குறையே காட்டாது. ஏனெனில் ஆள் ஏறாத வண்டியின் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். அந்நிலையில் கன்ட்ரோலரை மாற்றிப் பார்ப்போம் என்று தொடங்குவது யூகத்துக்குக் கொடுக்கும் விலையாகவே முடிகிறது. ஆகவே இவ்வகை வண்டியை மதிப்பிடுவதற்கு, புதிதாக ஓடும்போது அது தரும் சுகத்தைவிட, தடுமாறும்போது தன் குறையை எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்பதே பொருத்தமான அளவுகோலாகும்.

பழுதல்லாத ஒன்றை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் உதவியை நிறுத்துமாறு கன்ட்ரோலர் அமைக்கப்பட்டிருக்கும், ஐரோப்பாவின் இ.என். 15194 தரமும் இதையே கோருகிறது. ஏற்றத்தில் ஒழுங்காக இழுக்கும் மோட்டார் சமதளத்தின் விரைவோட்டத்தில் மட்டும் ஓய்ந்தால், வண்டி சட்டப்படி நடந்துகொள்கிறது என்றே பொருள்.

உண்மையான பழுதைத் தேடுவோர் கவனிக்க வேண்டிய முதல் தடயம், மோட்டார் நிற்கும் அந்த நொடியில் கைப்பிடியிலுள்ள டிஸ்ப்ளே எரிகிறதா, அணைகிறதா என்பது. டிஸ்ப்ளேவும் சேர்ந்து அணைந்தால் பேட்டரியிலிருந்து கன்ட்ரோலருக்கு வரும் மின்வழி எங்கோ அறுபடுகிறது. டிஸ்ப்ளே எரிந்துகொண்டிருக்க மோட்டார் மட்டும் நின்றால், மின்சாரம் வந்து சேர்ந்தும் கன்ட்ரோலர் அதை விட மறுக்கிறது, அல்லது விட்டது மோட்டாரைச் சென்றடையவில்லை. கருவி எதுவும் வேண்டாத இந்த ஒரு கவனிப்பு தேடலின் பரப்பைப் பாதியாகக் குறைத்துவிடும் என்பதால், பழுதைப் பட்டறையில் சொல்லும்போதும் இதையே முதலில் சொல்வது நலம்.

டிஸ்ப்ளே அணையும் வண்டியில், பேட்டரி அமரும் தொட்டியிலுள்ள உலோக முனைகளை முதலில் பார்க்க வேண்டும். மேடுபள்ளத்தில் பேட்டரி அசையும்போது முனைகளுக்கிடையே சிறு தீப்பொறி எழுந்து உலோகம் கருகும். கருகிய இடத்தில் மின்தடை கூடும். கூடிய தடை மேலும் சூடாகும். கடலோர ஊர்களின் உப்புக்காற்று இதற்குப் பச்சைக் களிம்பையும் சேர்த்துவிடுகிறது. முனைகள் தூய்மையாக இருந்தும் தொல்லை நீடித்தால், சந்தேகம் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். மீது, அதாவது ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் கண்காணித்து, எல்லை மீறினால் முழுப் பேட்டரியையும் துண்டிக்கும் காவல் சுற்றின் மீது திரும்ப வேண்டும். 36 வோல்ட் பேட்டரி என்பது வழக்கமாக 10 செல் தொகுதிகள் தொடராக இணைந்தது. முழுதாக ஏறியபோது ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், மொத்தம் 42 வோல்ட். அவற்றில் ஒரு தொகுதி மட்டும் நலிந்திருந்தால், ஏற்றத்தில் மோட்டார் மிகுதியாகக் கேட்கும்போது அது ஏறத்தாழ 3 வோல்ட்டுக்குக் கீழே சரிந்துவிட, ஏனைய ஒன்பதும் நலமாக இருந்தும் பி.எம்.எஸ். கதவை அடைத்துவிடுகிறது. சுமை நீங்கியதும் நலிந்த செல் தேறிக்கொள்கிறது. வண்டி மீண்டும் ஓடுகிறது. மாயமாகத் தோன்றும் பழுதுகள் பலவற்றின் கதை இதுதான்.

நிற்கும் வண்டியில் மல்டிமீட்டரை வைத்து அளப்பதால் இது வெளிப்படாது. பேட்டரிக்குள்ளேயே இருக்கும் உள்மின்தடை 0.2 ஓம் என்று கொண்டால், 15 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் உள்ளேயே கரைந்துபோகும். கீழ்வீட்டில் குழாயைத் திறந்ததும் மாடிக்குழாயில் நீர் மெலிவது போன்றது இது. ஆகவே மீட்டரின் முனைகளைப் பேட்டரியின் வெளியீட்டில் பாதுகாப்பாகப் பொருத்திக்கொண்டு, ஏற்றத்தில் ஒருவர் ஓட்ட, மற்றொருவர் பின்னர் பார்க்கும்படி எண்ணைப் பதிவு செய்வதே பயனுள்ள அளவீடு. நிற்கும்போது 37 காட்டிய மீட்டர் ஏற்றத்தில் 31 வரை இறங்கினால், கன்ட்ரோலரின் சொந்தத் தாழ்வெல்லையே மோட்டாரை நிறுத்தப் போதுமானது. அப்போது டிஸ்ப்ளே எரிந்துகொண்டே இருக்கும். எண் இறங்காமல் சட்டென்று சுழியத்துக்கு விழுந்தால் பி.எம்.எஸ். துண்டித்திருக்கிறது.

டிஸ்ப்ளே எரியும்போதே மோட்டார் நிற்கும் வண்டிகளில் குற்றவாளி பெரும்பாலும் அற்பமான பொருள். பிரேக் லீவரை இழுத்ததும் மோட்டாரை நிறுத்தச் சொல்லும் சிறு சென்சார் அதற்குள் இருக்கிறது. லீவர் முழுமையாகத் திரும்பி அமராவிட்டாலும், உள்ளிருக்கும் காந்தம் சற்றே இடம்பெயர்ந்தாலும், குலுக்கலின்போது அது பிரேக் பிடித்துவிட்டதாகப் பொய்ச் செய்தி அனுப்பும். பெரும்பாலான அமைப்புகளில் அந்தச் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். கம்பியால் இயங்கும் பிரேக் அப்போதும் பிடிக்கும் என்றாலும், போக்குவரத்தில்லாத இடத்தில் சோதித்துவிட்டு உடனே மாட்டிவிட வேண்டும். அடுத்து, த்ராட்டிலைத் திருகினால் ஓடி, பெடலை மிதித்தால் மட்டும் விட்டுவிட்டு ஓடும் வண்டியில் கோளாறு பெடல் அச்சருகே உள்ள காந்த வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையிலான சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். தலைகீழாக நடந்தால் த்ராட்டிலில் இருக்கும்.

அமைதியாக நிற்காமல் உறுமி, உதறி நிற்கும் மோட்டார் வேறு கதை. பிரஷ் இல்லாத இந்த மோட்டாருக்குள் காந்தங்களின் இருப்பிடத்தைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் மூன்று ஹால் சென்சார்கள் உள்ளன. ஒன்றின் வயர் விட்டுவிட்டுத் தொட்டாலும் கன்ட்ரோலர் தடம் தவறும். சக்கரத்தை மெல்லச் சுற்றும்போது மூன்று சமிக்ஞை வயர்களிலும் மின்னழுத்தம் 0-க்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே மாறிமாறி வர வேண்டும். பல்சக்கரம் உள்ள ஹப் மோட்டாரில் சக்கரத்தைப் பின்னோக்கியே சுற்ற வேண்டும். முன்னோக்கிச் சுற்றினால் உள்ளிருக்கும் ஒருவழிக் கிளட்ச் நழுவி, மோட்டார் அசையவே செய்யாது. இதை அறியாமல் நல்ல சென்சாரைக் கெட்டதென்று தள்ளிவிட வாய்ப்புண்டு. அச்சின் வழியே கேபிள் வெளிவரும் இடமும், பாதி மட்டும் செருகப்பட்ட மோட்டார் கனெக்டரும் இவ்வகைப் பழுதின் வழக்கமான இருப்பிடங்கள்.

நீண்ட ஏற்றத்துக்குப் பின் நின்று, ஆறியபின் ஓடுவது வெப்பத்தின் வேலை. காற்றோட்டமில்லாத அறைக்குள் கன்ட்ரோலரை அடைத்த வடிவமைப்பே அதற்குப் பொறுப்பு. கழுவிய பின் தொடங்கும் தடுமாற்றத்துக்கு நீரே காரணம்: வாட்டர் சர்வீஸில் பீய்ச்சியடிக்கும் நீர் மழைகூட எட்டாத கனெக்டர்களுக்குள் புகுந்துவிடும்.

தன் குறையைத் தெளிவாகக் காட்டுவது என்ற அளவுகோலில் மலிவு விலை மின்சைக்கிள் தேறுவது கடினம். மோட்டாரும் சட்டமும் கொடுத்த விலைக்கு நியாயமாகவே உழைக்கின்றன. ஆனால் மின்னழுத்தத்தை எண்ணாகக் காட்டாமல் ஐந்து கட்டங்களாகச் சுருக்கிவிடும் டிஸ்ப்ளேவும், பிழைக்குறியீட்டைக் காட்டிவிட்டு அதன் பொருளை அச்சிடாத கையேடும் ஓட்டுபவரை இருட்டில் விடுகின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் குறியீடுகள் மாறுவதால் ஒன்றின் பட்டியல் மற்றொன்றுக்கு உதவுவதுமில்லை. வாங்குவோர் மைலேஜைக் கேட்பதற்கு முன், டிஸ்ப்ளே வோல்ட் காட்டுமா, பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்று கேட்பது நல்லது.

பி.எம்.எஸ்.ஸைச் சுற்றிவளைத்து நேரடியாக வயர் இழுத்துத் தரும் குறுக்குவழியை எந்த நிலையிலும் ஏற்கக் கூடாது. அளவுக்கு மீறி இறங்கிய லித்தியம் செல் அடுத்த முறை சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கக்கூடும். நலிந்த தொகுதியை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்வதும் நெடுநாள் நிற்காது. புதிய செல்லுக்கும் தேய்ந்த ஒன்பதுக்கும் கொள்ளளவு ஒவ்வாததால், அடுத்து நலிந்ததாக இருக்கும் தொகுதி அதே ஏற்றத்தில் அதே துண்டிப்பைக் கொண்டுவரும். சார்ஜரை இரவு முழுவதும் இல்லாவிட்டாலும், ஆள் விழித்திருக்கும் வேளையில் முழுதாகச் சார்ஜ் ஏறிய பிறகும் சில மணி நேரம் விட்டுவைத்தால், பி.எம்.எஸ். செல்களைச் சமப்படுத்தச் சற்று வாய்ப்புண்டு. செலவில்லாத அந்த முயற்சியும் பலிக்காவிட்டால் பேட்டரியை முழுதாக மாற்ற வேண்டியதுதான்.