தட்டின் உள்பக்கம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், சிப்காட் ஆலைகளை ஒட்டி காரைக்காடு. பேருந்தில் போகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே அகழாய்வில் கிடைத்தவற்றில் எனக்குப் பிடித்தது பாசிமணி அல்ல, ‘ரௌலட்டட்’ எனப்படும் பழங்காலத் தட்டின் உடைசல்தான்.

நைசான சாம்பல் நிற மண், மேலே கருப்பு மினுக்கம். விளிம்பு உள்ளே வளைந்து கிளிமூக்காக முடியும். அழகெல்லாம் உள்பக்கத்து அடியில்: வட்டத்துக்குள் வட்டமாய், நொய்யரிசியை வரிசை வைத்ததுபோல் பொடிப்பொடி வெட்டுகள். சோறு போட்டால் மறைந்துபோகிற இடத்தில் குயவருக்கு இத்தனை மெனக்கெடல்!

1945-இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இதை மத்தியதரைக் கடல் சரக்கு என்றார். (நம்மூர்க் கை என்று அவருக்குத் தோன்றவில்லை.) இந்தியாவில் வனைந்ததே என்று பின்னாளில் தொல்லியலாளர் விமலா பெக்லி வாதாடினார், மண்ணைச் சோதித்தவர்களும் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள்.

இதே வகை ஓடு பாலித் தீவின் வடகரையில், செம்பிரான் என்ற சிற்றூரிலும் கிடைத்திருக்கிறது. இவ்வளவு மெல்லிசான தட்டை வைக்கோல் சுற்றிக் கப்பலேற்றினார்களா, நெல்லுக்குள் புதைத்தா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.