ஷிவ் ராயின் துணிபு

குடும்பப் பூசலைப் பொருளாகக் கொண்ட அண்மைத் தொலைக்காட்சி நாடகங்களுள் தனிச்சிறப்புடையது ‘சக்ஸெஷன்’ என்னும் அமெரிக்கத் தொடர். ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங் படைத்த இந்நாடகம் எச்.பி.ஓ. வாயிலாக 2018 முதல் 2023 வரை நான்கு பருவங்களில் 39 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. 2023 மே 28-இல் வெளிவந்த இறுதிப் பகுதியில் ஷிவ் என்னும் மகள் செய்யும் செயலுக்குக் காரணம் யாது என்பதை அகச்சான்று கொண்டு ஆராய்வோம்.

செய்தித் துறையில் பெருநிறுவனம் கண்ட லோகன் ராய், தமக்குப்பின் யாவர் என்பதை உறுதி செய்யாமலே இறக்கின்றார். சுவீடன் நாட்டு மாட்சன் அந்நிறுவனத்தை வாங்க முனைகின்றான். தலைமைப் பதவியை ஷிவ்வுக்குத் தருவதாகச் சொன்ன அவன், பின்னர் அவள் கணவன் டாமுக்கே அதனைத் தரக் கருதுகின்றான். இதனை அறிந்த ஷிவ், விற்பனையைத் தடுத்து அண்ணன் கெண்டலைத் தலைவனாக்க மற்றோர் அண்ணன் ரோமனுடன் சேர்ந்து இசைகின்றாள். ஆயின் ஆட்சிக்குழுவில் வாக்குகள் ஆறுக்கு ஆறு எனச் சமன்பட்டு நிற்கும்போது, எஞ்சிய வாக்கிற்குரிய ஷிவ் எழுந்து வெளியேறுகின்றாள். கண்ணாடி அறையில் மூவரும் பூசலிட்டபின், விற்பனைக்கே வாக்களிக்கின்றாள்.

இஃது அழுக்காற்றால் விளைந்தது என்பர் ஒரு சாரார். கணவன் பதவியால் தானும் பயன்பெறக் கருதினாள் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கருத்தும் முற்றும் தள்ளத்தக்கன அல்ல. தந்தை தன் இருக்கையைத் தருவதாக அவளுக்கும் ஒருகால் சொல்லி ஏமாற்றியவர். அவ்வடு அவள் நெஞ்சில் உண்டு. அவள் கருவுற்றிருப்பதும் கருதத்தக்கது. எனினும் இவை அவளது தயக்கத்தை விளக்குமேயன்றி, துணிபை விளக்கமாட்டா. தயக்கம் முன்னது, துணிபு பின்னது. இரண்டற்கும் இடைப்பட்ட உரையாடலில்தான் உண்மைக் காரணம் உளது.

அவ்வுரையாடலில் கெண்டல் தன் தகுதியை நிறுவ முயல்கின்றான். தான் ஒரே பொறிக்கெனச் செய்யப்பட்ட உறுப்பைப் போன்றவன் என்கின்றான். தானே மூத்த மகன் என்கின்றான். உண்மையில் மூத்தவன் கானர். இவற்றினும் பெரியது மற்றொன்று. முதற் பருவத்தின் இறுதியில், ஷிவ்வின் மணவிழா இரவில், கெண்டல் ஓட்டிய வண்டி நீரில் விழ, உடனிருந்த பணியாள் இறந்தான். இக்குற்றத்தைக் கெண்டல் மூன்றாம் பருவத்தின் இறுதியில், 2021-இல், உடன்பிறந்தார்முன் மண்ணில் அமர்ந்து அழுது ஒப்புக்கொண்டான். தந்தைக்கு அஞ்சித் தனித்தனியே நின்ற மூவர் ஒன்றுபட்டது அவ்விடத்தேதான். ஷிவ் இப்போது அதனை நினைவூட்ட, அவனோ அது நிகழவேயில்லை என மறுக்கின்றான்.

இம்மறுப்பு எளிய பொய் அன்று. மூவர்தம் உறவுக்கு அடிப்படையான உண்மையையே பதவிக்காக அவன் விற்றுவிடுகின்றான். நிறுவனத்தை விற்றவள் ஷிவ் என்பர். உறவை முன்னரே விற்றவன் கெண்டல் என்பதைக் கருதிலர். பிறர் உயிரையும் உண்மையையும் தன் தேவைக்கேற்பத் திரிப்பது லோகனின் இயல்பு. வாக்கெடுப்புக்குமுன் ரோமனைத் தழுவும் கெண்டல், அவன் தையலிட்ட புண் திறக்குமாறு அழுத்துவதும் அவ்வியல்பையே காட்டுகின்றது. தந்தையை மீண்டும் அரியணை ஏற்ற இயலாமையே ஷிவ்வின் துணிபு எனல் பொருந்தும்.

அவள் மறுத்தது ஒருவகை அடிமைத்தனம். ஆயின் விடுதலை பெற்றாளா எனின், இல்லை. இறுதியில் வண்டியில் டாம் தன் உள்ளங்கையை விரித்து நீட்டுகின்றான். அவள் அதன்மேல் கையை வைக்கின்றாள்; பற்றுகின்றாளில்லை. உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு என வகுத்தது தொல்காப்பியம். பற்றாத அக்கை அத்தகையதோர் மெய்ப்பாடு. ஷிவ்வின் வாக்கை அழுக்காறு என்னும் ஒரு சொல்லில் அடக்குவோர், அக்கையின் நிலைக்குப் பொருள் கூற இயலாது. தான் செய்தது தக்கதே எனினும், அதன் விலையைத் தானே செலுத்தவேண்டும் என்பதை அறிந்தவளின் கை அது.