உறுதிமொழியும் பீஸ் ரேட்டும்

மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாள். தொழிலாளர்கள் வரிசையில் நின்று உறுதிமொழி எடுப்பார்கள். பிறகு எங்காவது பட்டாசு ஆலை வெடிக்கும்; ‘மருந்து கலக்கும்போது உராய்வு, கவனக்குறைவு’ என்று அன்று மாலையே காரணம் சொல்லப்படும். இன்னும் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள்.

பயிற்சி வீணில்லை. செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குவது, இரும்புக் கருவியை ஒதுக்குவது, பருத்தி உடுத்துவது எல்லாம் உயிர் காக்கும் பழக்கங்களே.

ஆனால் நிதானம் இல்லாமல் இந்தப் பழக்கங்கள் நிற்காது. செய்து முடித்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட்டில் நிதானத்துக்குக் கூலி இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் பாளையம்பட்டி, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காடு ஏமாற்றிய ஆண்டில் வெடி வேலைக்குப் போகிறவரிடம் காலையில் ‘பதறாதே’ என்கிறோம். மாலையில் எண்ணிக்கை பார்த்துக் காசு கொடுக்கிறோம். இரண்டில் எதற்கு அவர் கட்டுப்படுவார்?

நூற்றுக்கு 88 விபத்துகளுக்குத் தொழிலாளியின் செயலே காரணம் என்று அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஹைன்ரிக் 1931-இல் எழுதினார். அவர் பார்த்தவை காப்பீட்டுக் கோப்புகளும் ஆலைப் பதிவேடுகளும். அவற்றில் நிர்வாகத்தின் பார்வைதான் பதிவாகியிருக்கும். இங்கும் அதே கதை. மருந்து கலந்தவர் இறந்துபோகிறார். பழி அவர் பெயரில் எழுதப்படுகிறது.

2012 செப்டம்பர் 5, அதே மாவட்டத்து முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிப்பு: சுமார் 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12, அங்கேயே அச்சங்குளம் ஆலை வெடிப்பு: இருபதுக்கும் மேற்பட்டோர். இரண்டு விபத்துகளுக்குப் பின்னும் உள்குத்தகை பேச்சுக்கு வந்தது. உரிமம் ஒருவர் பெயரில். அறைகள் ஆளுக்கொன்றாக வாடகைக்கு. கொடுத்த வாடகையை எடுக்க அறையில் ஆளும் மருந்தும் கூடுகின்றன. வேலை அறை ஒன்றில் நால்வருக்கு மேல் கூடாது என்ற விதியை மீறுவது தொழிலாளியின் நடத்தையா? ஐந்தாவது ஆளை உள்ளே அனுப்புவது யார்?

இதைக் கேட்காத எந்தப் பயிற்சியும் முதலாளிக்குக் கிடைக்கும் மலிவான மன்னிப்பு. கலவை அறையிலும் மருந்து நிரப்பும் அறையிலும் பீஸ் ரேட்டை ஒழித்து நாள் கூலி தரட்டும். உள்குத்தகை விட்டவரின் உரிமம் நிரந்தரமாகப் பறிபோகட்டும். அதன்பின் தொழிலாளிக்கு வகுப்பு நடத்தலாம். அதுவரை உறுதிமொழி எடுக்கவேண்டியவர் உரிமம் வைத்திருப்பவர் மட்டுமே.