எட்டு மில்லிமீட்டர் பொய்

சென்னை கொரட்டூரில் வீடு கட்டுகிறவரிடம் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது, “பேஸ்மட்டம் ரோட்டை விட எவ்வளவு ஏத்தம்?” என்பதுதான். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கு வரும் ஊர் இது. இங்கே ஓர் அடுக்குமாடி வேலைக்கு வாடகைக்கு வந்த, 24 மடங்கு பெரிதாக்கிக் காட்டி உயர வித்தியாசம் அளக்கும் ஆட்டோ லெவல், இடம் மாற்றி வைத்தபோதெல்லாம் ரோட்டுக்கும் தூணுக்கும் இடையே வேறு வேறு உயரம் சொன்னது. “ட்யூப் லெவலே போதும் சார்” என்றார் மேஸ்திரி.

கருவியைத் திட்டுமுன், ரீடிங் எடுக்கும் அளவுகோலான ஸ்டாஃபைப் பார்த்தேன். நீட்டும் அலுமினிய ஸ்டாஃபில் கிளிப் தேய்ந்தால் மேல் துண்டு இறங்கி உட்கார்ந்துவிடும். இதில் அந்தக் குறை இல்லை. ட்ரைபாடும் ஆடவில்லை.

அடுத்து காம்பென்சேட்டர். பார்வைக் கோட்டைத் தானாக மட்டமாக்கும், உள்ளே தொங்கும் ஊசல் அது. 1950இல் ஜெர்மனியின் ஸைஸ் கொண்டுவந்த ‘என்ஐ 2’ இந்த வகைக்கு முன்னோடி. ஃபுட் ஸ்க்ரூவை இம்மியளவு திருப்பினேன். குறுக்குக்கோடு எகிறி, பழைய ரீடிங்கிலேயே வந்து நின்றது. ஊசல் சிக்கவில்லை; சிக்கியிருந்தால் நேரே சர்வீசுக்குத்தான்.

மிச்சம், பார்வைக் கோடு சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கும் டூ பெக் டெஸ்ட். 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்து, நட்டநடுவில் லெவலை வைத்தோம். ரீடிங் 1.425, 1.310, வித்தியாசம் 115 மி.மீ. நடுவில் நின்றால் பிழை இரு பக்கமும் சமமாகிக் கழிந்துவிடும், ஆகவே இது நிஜ வித்தியாசம். பிறகு முதல் முளையை ஒட்டிக் கருவியை நகர்த்தினோம். அங்கே ரீடிங் 1.502, அப்படியானால் எதிர் முளையில் 1.387 வர வேண்டும். வந்தது 1.395. பார்வைக் கோடு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது! ஐபீஸ் அருகே இருந்த மூடியைக் கழற்றி, உள்ளிருந்த திருகை ஆலன் கீயால் மெல்லத் திருப்பி 1.387க்குக் கொண்டுவந்தோம். மறுபடி சோதித்ததில் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கியது.

முப்பதுக்கு நாற்பது அடி மனையில் தனி வீடு என்றால் இந்தப் பிழை இரண்டு, மூன்று மி.மீ.தான், அங்கே மேஸ்திரி சொன்னதே சரி. ஆனால் 500க்கு 1 சரிவில் மழைநீர் வடிகால் போடும்போது 40 மீட்டருக்குக் கிடைக்கும் மொத்த இறக்கமே 80 மி.மீ. அதில் எட்டை இழப்பது கட்டுப்படியாகாது. சுழலும் லேசர் லெவல் வாங்கலாமே என்பார்கள். சென்னை வெயிலில் அதன் கோடு கண்ணுக்குத் தெரியாது, ரிசீவருக்கும் சேர்த்துச் செலவு செய்ய வேண்டும்.

சரிசெய்தபின் இந்த ஆட்டோ லெவல்மேல் எனக்குக் குறையில்லை. படம் தெளிவு, திருப்புவதும் சுலபம். பெட்டிக்குள் காலிபரேஷன் சர்டிஃபிகேட்டும் இருந்தது, தேதிகூடச் சரி. டெம்போவில் சிமென்ட் மூட்டைமேல் குலுங்கி வந்த கதை அதில் எப்படி இருக்கும்?