தூதரும் கடிகாரமும்

சினிமாவில் கடிகாரத்தைக் காட்டினால் போதும், நம் நெஞ்சு தானாகவே அடித்துக்கொள்ளும். இந்த ரகசியம் டைரக்டர்களுக்குத் தெரியும். கதை எழுதிப் பிழைக்கிற எங்களுக்கும் தெரியும்.

பேர்ல் ஹார்பர் தாக்குதலைச் சொல்லும் ‘டோரா! டோரா! டோரா!’ 1970-ல் வெளிவந்த படம். விமானங்களையும் தீயையும்விட அதில் என் மனசில் நின்றது, வாஷிங்டனில் ஜப்பானியத் தூதரகத்து அதிகாரி ஒருவர் தட்டுத் தடுமாறி டைப் அடிக்கும் காட்சிதான். 1941 டிசம்பர் 7-ந் தேதி பிற்பகல் ஒரு மணிக்குக் கொடுக்கவேண்டிய கடிதம் அது. தூதர் அட்மிரல் கிச்சிசபுரோ நோமுரா அதை எடுத்துக்கொண்டு அமெரிக்க ராஜாங்க மந்திரி கார்டல் ஹல்லின் முன் நிற்கும்போது மணி 2.20. ஹவாயில் குண்டு விழத் தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

நோமுராவாக நடித்த ஷோகோ ஷிமாடாவிடம் அலட்டலே இல்லை. உட்காரக்கூடச் சொல்லாத மந்திரியின் முன் அவர் நிற்பதைப் பார்த்து நானும் பரிதாபப்பட்டேன். பிறகுதான் சந்தேகம் வந்தது. படம் என்னை யார்மேல் கோபப்பட வைத்தது? டைப் அடித்த மனிதர்மேல்! இது நியாயமா?

கடிதம் ஒரு மணிக்கே போயிருந்தால்தான் என்ன? அதில் யுத்தப் பிரகடனமே கிடையாது. பேச்சு வார்த்தையால் இனிப் பயனில்லை என்று சொல்வதோடு முடிகிறது. ஜப்பானின் ரகசியத் தந்திகளை அமெரிக்கர்கள் முன்பே உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். படம் இதையும் காட்டத்தான் காட்டுகிறது. ஆனால் கடிகாரச் சத்தத்தில் அது காதில் விழுவதில்லை.

உண்மையான நாடகம் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் உலக யுத்த காலத்தில் நோமுரா வாஷிங்டனில் கப்பற்படைப் பிரதிநிதி. ரூஸ்வெல்ட் அப்போது கப்பற்படை உதவி மந்திரி. அந்தப் பழைய பழக்கத்தை நம்பித்தான் 1941-ல் அவரைத் தூதராக அனுப்பினார்கள். இதற்கிடையே 1932-ல் ஷாங்காயில் வெடித்த குண்டு அவருடைய வலது கண்ணைப் பறித்துவிட்டது. 1939-ல் சில மாதம் வெளிநாட்டு மந்திரியாகவும் இருந்து பார்த்தார்.

அவர் குற்றமே அறியாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. 1941 ஏப்ரலில், தனி மனிதர்கள் சிலர் முன்னின்று தயாரித்த ஒரு சமரச நகலை, அமெரிக்க சர்க்காரின் யோசனை என்று டோக்கியோ நினைக்கும்படி அனுப்பிவைத்தார். ஹல் வலியுறுத்திய நான்கு கோட்பாடுகளை உடனே அழுத்திச் சொல்லவில்லை. பிசகு சிறிதல்ல. அதை அவிழ்க்கவே மாதக்கணக்கில் ஆயிற்று.

அக்டோபரில் டோஜோ மந்திரிசபை வந்தது. பிறரை ஏமாற்றும் இந்தப் பொய் வாழ்வு வேண்டாம், திரும்பி வர அனுமதியுங்கள் என்று நோமுரா தந்தி அடித்தார். அனுமதி கிடைக்கவில்லை. துணைக்குக் குருசு என்ற தூதரை அனுப்பிவைத்தார்கள். தாக்குதல் திட்டத்தை மட்டும் இருவருக்கும் சொல்லவில்லை.

கண்ணன் தூது போன கதை நமக்குத் தெரியும். யுத்தம் வரும் என்பது போனவனுக்குத் தெரியும். சமாதானத்தில் நப்பாசை இருந்தது அனுப்பியவனுக்கு. நோமுராவின் கதை இதற்குத் தலைகீழ். அனுப்பியவர்களுக்கு எல்லாம் தெரியும், போனவருக்குத்தான் தெரியாது.

அப்படியானால் அவர் ஏன் உதறிவிட்டு வரவில்லை? கப்பலில் நாற்பது வருஷம் பழகிய கீழ்ப்படிதல்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாலுமிக்கு அது தர்மம். தூதருக்கோ, தன் வாக்கில் பிறர் வைக்கும் நம்பிக்கைதான் முதல். அது செல்லாக்காசாகிவிட்டது என்று தெரிந்தும் ஸ்தானத்தில் இருப்பது தர்மமா? இந்தக் கேள்வியின் பக்கம் படம் நம்மைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் டைப் அடித்தவரை மறந்து, டோக்கியோவில் இருந்தவர்களை நினைத்திருப்போம்.

நோமுரா 1964-ல் காலமானார்; படத்தைப் பார்க்க அவர் இல்லை. தாமதமாக வந்த அப்பாவி என்று படம் அவருக்குத் தரும் அனுதாபம் மலிவானது. பிசகியவர், விலக நினைத்தவர், விலக முடியாமல் நின்றவர் என்று பார்த்தால் அவர் நமக்கு இன்னும் நெருங்கி வருகிறார். அந்த மனிதருக்குக் கடிகாரம் தேவையில்லை.