மருமகள் இறக்கிவைத்த வேலை

ஜப்பானில் தள்ளாமை வந்த முதியவருக்கு உதவி கேட்டு நகராட்சியில் மனுக் கொடுத்தால், ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கு வருவார். அவர் பார்த்துக் குறிக்க வேண்டியவை 74. படுக்கையில் தானாகப் புரண்டு படுக்க முடிகிறதா, ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா, நகம் வெட்டிக்கொள்கிறாரா, பிறந்த தேதி சொல்கிறாரா, இப்போது என்ன பருவம் என்று தெரிகிறதா? விடைகளை முதலில் கணினி எடைபோடும். பிறகு மருத்துவரின் குறிப்பையும் சேர்த்துப் பார்த்து, ஒரு குழு அவரை ஏழு நிலைகளில் ஒன்றில் வைக்கும்: லேசான 'ஆதரவு' நிலைகள் இரண்டு, அவற்றுக்கு மேல் 'பராமரிப்பு' நிலைகள் ஐந்து. வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பது மட்டும் அந்த மதிப்பீட்டில் சேராது.

2000 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த 'கைகோ ஹொகென்' எனும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டின் ஆகப் பெரிய சாதனை இதுவே என்று கருதுகிறேன். அதற்கு முன், 1963-ஆம் ஆண்டு முதியோர் நலச் சட்டப்படி, யாருக்கு உதவி என்பதை நகராட்சி தீர்மானித்தது. வருமானம் பார்த்தார்கள், குடும்பத்தை விசாரித்தார்கள். மகனும் மருமகளும் உள்ள வீட்டுக்கு உதவி கிடைப்பது அரிது. கேட்பதையே மானக்கேடாக நினைத்தவர்கள் பலர். 1973-இல் எழுபது வயதானவர்களுக்கு மருத்துவம் இலவசமானதும், போக்கிடமில்லாத முதியவர்கள் சிகிச்சை முடிந்த பிறகும் மருத்துவமனைக் கட்டில்களிலேயே மாதக்கணக்கில் கிடந்தார்கள். மற்ற வீடுகளில் மருமகள் பார்த்தாள். அரியோஷி ஸவாகோ 1972-இல் எழுதிய 'கோகொட்சு நோ ஹிதோ' நாவலில், வேலைக்குப் போகும் ஒரு மருமகள்தான் நினைவு தப்பிய மாமனாரைத் தாங்குகிறாள். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற நாவல் அது.

புதிய சட்டம் பராமரிப்பு உதவியை உரிமையாக்கியது. நாற்பது வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். செலவில் பாதி அதிலிருந்தும் மறுபாதி வரிப்பணத்திலிருந்தும் வருகிறது. பயனாளி கட்டணத்தில் 10 சதவீதம் தந்தால் போதும். வசதியுள்ளவர்களுக்கு அது 20 அல்லது 30 சதவீதம். கடைசி நிலையில் இருப்பவர் வீட்டில் இருந்தபடியே மாதம் ஏறக்குறைய 3,60,000 யென் மதிப்புள்ள சேவைகளைப் பெறலாம். ஹெல்பர் வந்து குளிப்பாட்டுவார், பகல்நேர மையத்தின் வண்டி வாசலுக்கு வரும். எது, எந்தக் கிழமை என்று திட்டம் போட்டுத் தர கேர் மேனேஜர் ஒருவர் உண்டு.

ஆனால் குடும்பத்தின் கையில் பணம் தருவதில்லை. 1995-இல் இதேபோன்ற காப்பீட்டைத் தொடங்கிய ஜெர்மனி, சேவை வேண்டாம் என்பவர்களுக்கு ரொக்கம் தருகிறது. ஜப்பானிலும் அதற்குக் கடும் அழுத்தம் இருந்தது. பெற்றோரைப் பிள்ளைகள் பார்ப்பது அழகான மரபு, அது கெட்டுவிடும் என்று 1999-இல் ஆளுங்கட்சித் தலைவர்களில் ஒருவரான கமேய் ஷிஸுகா வாதிட்டார். சட்டம் தொடங்கியபோது முதியோரிடம் முதல் ஆறு மாதம் சந்தா வாங்காமல் விட்டதும் அந்த அரசியலின் விளைவு. ஹிகுச்சி கெய்கோ போன்ற பெண்கள் இயக்கத்தினர் எதிர்த்து நின்றார்கள். ரொக்கம் வந்தால் அதைக் காரணம் காட்டியே மருமகளை மாமியாரின் கட்டிலோடு கட்டிப்போட்டுவிடுவார்கள் என்றார்கள்.

நான் அவர்கள் பக்கம். ஆனாலும் இந்த மறுப்புக்கு ஒரு விலை இருந்தது. தாயைத் தன் கையாலேயே பார்த்துக்கொள்ள விரும்பி வேலையை விட்ட மகளுக்கு இந்தக் காப்பீடு ஏறக்குறைய எதையும் தருவதில்லை. ஜெர்மனியில் அப்படிப்பட்டவர்களின் ஓய்வூதியக் கணக்கில் காப்பீடே பணம் செலுத்துகிறது. ரொக்கம் தராமலேயே ஜப்பான் இதையாவது செய்திருக்கலாம்.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. அரசின் வாழ்க்கைநிலைக் கணக்கெடுப்பில், முதன்மைப் பராமரிப்பாளர்களில் ஒரே வீட்டில் வாழும் பிள்ளையின் துணைவர், அதாவது பெரும்பாலும் மருமகள், 2001-இல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். 2022-இல் இருபதில் ஒரு பங்கு அளவுதான். கூட்டுக் குடும்பங்கள் குறைந்ததும் இதற்குக் காரணம். முழுப் பெருமையையும் சட்டத்துக்குத் தர முடியாது.

மருமகள் இறக்கிவைத்த வேலையை யார் எடுத்தார்கள்? பெரும்பாலும் வேறு பெண்கள், நடுவயதினரும் அதைக் கடந்தவர்களும். இந்த வேலைக்குச் சட்டம் போட்ட விலையில்தான் என் மனக்குறை இருக்கிறது. 2024 கட்டணப் பட்டியலில், உடலைத் தொட்டுச் செய்யும் அரை மணி முதல் ஒரு மணி நேரப் பணிக்கு 387 புள்ளிகள். புள்ளி ஒன்றுக்குச் சுமார் 10 யென். சமையல், துவைத்தல், வீடு கூட்டுதல் என்றால் 45 நிமிடத்துக்கு மேல் எவ்வளவு ஆனாலும் 220 தான். சமைக்கும்போதே பாட்டி நேற்று சாப்பிட்டாரா, கால் வீங்கியிருக்கிறதா, குளிர்பெட்டியில் ஒரே பொருள் ஐந்தாறு சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அந்த ஹெல்பர்தான். மறதிநோயின் முதல் தடயங்கள் சமையலறையில்தான் கிடைக்கின்றன. அதைக் கண்டுபிடிக்கும் உழைப்பை, எந்தப் பெண்ணும் செய்யக்கூடிய வீட்டு வேலை என்று பட்டியல் கணக்கிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரே வீட்டில் குடும்பத்தார் இருந்தால், அவர்களுக்கு நோயோ வேறு தடையோ இல்லாதவரை, இந்த வீட்டு உதவி பொதுவாகக் கிடையாது. மதிப்பீட்டில் சேராத குடும்பம் இங்கே பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

வீட்டுக்கு வீடு ஓடும் நேரத்துக்கும், முதியவர் திடீரென மருத்துவமனை சென்றதால் ரத்தான வருகைக்கும் பலருக்குக் கூலி இல்லை. 2019-இல் மூன்று ஹெல்பர்கள் இதற்காக அரசின் மேலேயே டோக்கியோவில் வழக்குப் போட்டார்கள், வெற்றி கிடைக்கவில்லை. 2022-இல் இந்த வேலை தேடிய ஒருவருக்குப் பதினைந்து இடங்கள் காலியாக இருந்தன. அப்படியிருந்தும் 2024-இல் வீட்டுவருகைக்கான அடிப்படைக் கட்டணத்தை அரசு குறைத்தது. சராசரி லாபம் நன்றாக இருக்கிறது என்பது காரணம். முதியோர் குடியிருப்பு ஒன்றில் கதவுக்குக் கதவு தட்டும் நிறுவனத்தையும், பனியில் மலைக்கிராமங்களுக்குக் கார் ஓட்டும் சிறு நிறுவனத்தையும் சேர்த்துப் போட்ட சராசரி அது. அந்த ஆண்டு பராமரிப்பு நிறுவனங்களின் திவால் எண்ணிக்கை சட்டம் வந்த நாளிலிருந்து காணாத உயரத்தைத் தொட்டது.

பணத்தட்டுப்பாடு உண்மைதான். முதியோரின் சராசரி மாதச் சந்தா தொடக்கத்தில் 2,911 யென், இப்போது 6,225. உதவி தேவை என்று சான்று பெற்றவர்கள் 22 லட்சத்திலிருந்து 70 லட்சத்தை எட்டிவிட்டார்கள். ஆனால் அரசு சிக்கனம் பிடிக்கும் இடம் தவறு. அரசு உதவி பெறும் 'தொகுயோ' இல்லங்களுக்கு ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் காத்திருந்தபோது, மூன்றாம் பராமரிப்பு நிலைக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பொதுவாக இடமில்லை என்று 2015-இல் விதி மாற்றினார்கள். பட்டியல் சுருங்கியது, தேவை சுருங்கவில்லை.

இப்போது முதல் இரண்டு பராமரிப்பு நிலைகளின் வீட்டு உதவியையும் தேசியக் காப்பீட்டிலிருந்து எடுத்து நகராட்சித் திட்டங்களுக்குத் தள்ளும் யோசனை, ஒத்திவைக்கப்பட்டும் கைவிடப்படாமல் இருக்கிறது. அந்த நிலைகளில் மறதிநோய் உள்ளவர்கள் நிறைய. கால் நன்றாக நடக்கும், அடுப்பை அணைக்க நினைவு இருக்காது. ஹெல்பர் வராத நாளில் அந்த அடுப்பைப் பார்க்க ஒரு மகளோ மருமகளோ வேலையை விட வேண்டிவரும். இந்த யோசனையைக் கைவிட அந்த ஒரு காரணமே போதும்.