விண்ணப்பத்துக்கு முந்தைய ஏழு ஆண்டுகள்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்து இ-சேவை மையங்களில் நிற்க இடம் இருக்காது. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று குறையும். ஒரு பக்கம் பொறியியல் கலந்தாய்வுக்குக் கடைசித் தேதி, இன்னொரு பக்கம் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம். குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்தவர் யாரும் இல்லாத வீட்டில், இந்தச் சில வாரங்களை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தனியாகக் கடக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தனிமையை அரசு புரிந்துகொண்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2022 மார்ச் 1 அன்று நான் முதல்வன் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகள் மாவட்டம்தோறும் நடந்தன. பின்னால் வந்த ‘உயர்வுக்குப் படி’ முகாம்தான் இவற்றுள் எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகப் படுகிறது. நல்ல மார்க் வாங்கியவரைத் தேடி எல்லோரும் வருவார்கள். இந்த முகாமோ விண்ணப்பமே போடாதவரை, தேர்வில் தவறியவரை, தேர்ச்சி பெற்றும் வேலைக்குப் போய்விட்டவரைப் பட்டியல் எடுத்துக் கூப்பிடுகிறது. கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஆகியவற்றின் ஆட்கள், சான்றிதழ் தரும் அலுவலர், கல்விக்கடன் சொல்லும் வங்கிக்காரர் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்கிறது. பல நாள் அலைச்சலும் அதற்கான கூலி இழப்பும் மிச்சமாகின்றன. 2022 செப்டம்பரில் பெண்களுக்குப் புதுமைப்பெண், 2024 ஆகஸ்டில் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாயும் வந்து சேர்ந்தது. பஸ் செலவுக்கும் நோட்டுக்கும் அப்பாவிடம் கை நீட்ட வேண்டாம் என்பது கிராமத்துப் பிள்ளைக்குச் சின்ன விஷயமில்லை.

ஆனால் இந்த உதவியில் பெரும்பகுதி வந்து சேரும் நேரம் தவறு. மே மாதம் நாம் கதவைத் திறந்துவிடும்போது, பல கதவுகள் முன்பே சாத்தப்பட்டிருக்கின்றன.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை எடுத்துக்கொள்வோம். 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் பெறும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பொதுவான நிபந்தனை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. நடுவில் இரண்டு வருடம் கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியில் போட்டுவிட்டு, கட்ட முடியாமல் திரும்பக் கொண்டுவந்த பெற்றோர் இந்தப் பக்கம் எத்தனையோ பேர். அரசு உதவிபெறும் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் இந்த ஒதுக்கீடு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இதைத் தெரிந்துகொண்டு யாரும் எதையும் செய்ய முடியாது. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையின் அம்மாவை உட்கார வைத்து, “பாப்பாவை எங்க சேர்த்தாலும் சரிங்கம்மா, சேர்க்கறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்குங்க” என்று சொல்வதுதான் உண்மையான வழிகாட்டுதல். அந்த வேலை இன்று யாருடைய பொறுப்பிலும் இல்லை.

அடுத்த கதவு பத்தாம் வகுப்பு. எந்த குரூப் எடுப்பது என்ற முடிவு பெரும்பாலும் ஒரு காலை நேரத்தில், பள்ளி அலுவலகத்துக்கு வெளியே எடுக்கப்படுகிறது. பக்கத்துப் பள்ளியில் என்ன குரூப் இருக்கிறதோ, சித்தப்பா மகன் எதை எடுத்தானோ, அதுதான். கணக்கு இல்லாத குரூப்பில் சேர்ந்த பிள்ளைக்குப் பொறியியலின் வழி பெரும்பாலும் அன்றே அடைபடுகிறது. இரண்டு வருடம் கழித்து அவளைக் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிக்கு அழைத்துப்போய்க் கணினித் துறையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவது கொடுமை.

இதே வட்டாரத்தில் உ.வே. சாமிநாதையரின் தந்தை, மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடி அரியலூர், குன்னம் என்று குடும்பத்தையே இடம் மாற்றிக்கொண்டிருந்தார். மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு முன் அது ஆண்டுக்கணக்கில் நடந்த தேடல். ஒரு பிள்ளையின் மேற்படிப்பு ஒரு சீசன் வேலை அல்ல என்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

கலந்தாய்வுக்கு வருவோம். 2018இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. அதற்கு முன் அப்பாவும் பிள்ளையும் ராத்திரி பஸ் ஏறிச் சென்னைக்குப் போய், திரையைப் பார்த்துச் சில நிமிடங்களில் கல்லூரியைச் சொல்ல வேண்டும். அந்தப் பயணம் ஒழிந்தது பெரிய நன்மை. ஆனால் முடிவெடுக்கும் இடம் சென்னையிலிருந்து பிரவுசிங் சென்டருக்கு மாறிவிட்டது. நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் பல பாடப்பிரிவுகள். இவற்றுள் வேண்டியவற்றை வரிசைப்படுத்தி விருப்பப் பட்டியல் போட வேண்டும். “அண்ணா, நல்ல காலேஜா பார்த்து நீங்களே போட்டு விடுங்க” என்று பாஸ்வேர்டையும் கொடுத்துவிடும் பிள்ளைகள் உண்டு. கடைக்காரர் நல்லவராக இருக்கலாம். ஏதாவது ஒரு கல்லூரி அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தருவதாகவும் இருக்கலாம்.

விருப்பப் பட்டியல் வேலை செய்யும் விதத்தை ஒரு மணி நேரத்தில் சொல்லித்தர முடியும். கணிதம் 100க்கு, இயற்பியலும் வேதியியலும் 50, 50க்கு என்று 200க்குக் கட் ஆஃப் வருகிறது, அதன்படி தரவரிசை. ஒரு மாணவரின் முறை வரும்போது, அவர் எழுதிய பட்டியலைக் கணினி மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் இருக்கும் முதல் வரியை ஒதுக்குகிறது. எட்டாத கல்லூரியை முதலில் எழுதியதால் அடுத்த வரியின் வாய்ப்பு குறையாது. எனவே கிடைக்கும் என்று நினைப்பதை மேலே எழுதக் கூடாது. வேண்டியதை மேலே எழுத வேண்டும். பட்டியல் நீளமாகவும் இருக்க வேண்டும். நாலைந்து வரியோடு நிறுத்தியவர், நல்ல மார்க் இருந்தும் அந்தச் சுற்றில் எதுவும் கிடைக்காமல் நிற்கக்கூடும். இதை ஹைடெக் லேபில் உட்கார வைத்து, சென்ற ஆண்டின் கட் ஆஃப்பைக் கையில் கொடுத்து, ஒரு மாதிரிப் பட்டியலை ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் எழுதிப் பழகச் செய்தால் போதும். பெரிய அரங்கில் ஊக்கப் பேச்சு கேட்பதைவிட இது பல மடங்கு பயன் தரும். நமது நிகழ்ச்சிகளில் பேச்சுக்குக் கிடைக்கும் நேரம் பயிற்சிக்குக் கிடைப்பதில்லை.

நம் முறைக்கு உள்ள ஒரு பலத்தையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. அமெரிக்காவில் பல கல்லூரிகள் விண்ணப்பத்தோடு சொந்தக் கட்டுரை கேட்கின்றன. அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அதைச் செதுக்கித் தரக் கட்டண ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இங்கே மார்க்கும் சான்றிதழும் மட்டும்தான். முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும் அம்மாவின் பிள்ளை, தன் வறுமையை அழகாக எழுதிக் காட்டி இடம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் உனக்கு எது பிடிக்கும் என்ற கேள்வியையும் இந்த முறை கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர் பள்ளியில் இருக்க வேண்டும்.

அரியலூர் மாவட்டத்தைப் பற்றி எழுதும்போது குழுமூர் அனிதாவைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. 2017இல் பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கினார். மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார். அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். வழிகாட்ட ஆள் இல்லாததால் நேர்ந்த இழப்பு அல்ல அது. ஒரு முறைக்காக உழைத்து வென்ற பிள்ளையை, வேறொரு முறையின் அளவுகோலில் நிறுத்தினார்கள். ஆலோசனையும் முகாமும் எவ்வளவு சிறந்தாலும் விதிமுறையின் அநியாயத்தைச் சரிசெய்யாது. 2020இன் உள் ஒதுக்கீடும், 2022 ஜனவரியில் அரியலூரிலேயே திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் எந்த வழிகாட்டுதலாலும் தர முடியாத வாய்ப்பைத் தந்தன.

வழிகாட்டும் திட்டங்களை அளக்கும் கோலையும் மாற்ற வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு கணக்கு முடிகிறது. சேர்ந்தவர் இரண்டாம் ஆண்டில் இருக்கிறாரா, அரியர் எத்தனை, ஆங்கில வழிப் பாடத்தில் திணறி வீட்டுக்குத் திரும்பிவிட்டாரா என்று அனுப்பிய பள்ளிக்குத் தெரிவதில்லை. தெரிந்தால் அடுத்த ஆண்டு ஆலோசனை தானாகத் திருந்தும்.

இதற்கெல்லாம் பள்ளியில் நேரம் எங்கே என்ற கேள்விக்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. 2017-18இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி நீக்கப்பட்டிருக்கிறது. பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் தாண்டும் பழக்கத்தைத் தடுக்கத்தான் அது கொண்டுவரப்பட்டது. அந்தப் பழக்கம் திரும்பி வந்தால், இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேட்கும் நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் நம் பிள்ளைகள்தான் அடி வாங்குவார்கள். அந்தப் பயத்தை மனத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்: தேர்வுப் பதற்றம் குறைந்த அந்த ஆண்டில் வாரம் ஒரு பீரியடை உயர்கல்விக்கு ஒதுக்க முடியும். வழிகாட்டி ஆசிரியர் என்று பெயர் கொடுக்கப்பட்டவரே இயற்பியலும் எடுத்து, அரசின் எமிஸ் தளத்தில் பதிவும் செய்துகொண்டிருந்தால் அந்தப் பீரியட் நடக்காது. அவருடைய கால அட்டவணையில் அதற்கு இடம் விட வேண்டும், ஜூன் மாதமே.